சிறு சொல்லும் பெரும் பொருளும்

ஆங்கிலத் தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் நாம் தயங்குவதில்லை. உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘ஆன்’, மற்றவற்றுக்கு முன் ‘எ’ என்ற விதியைப் பள்ளி நாள் முதலே ஒப்பித்து வருகிறோம். ஒரு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால், அந்த இடத்தில் அச்சொல் எதற்கு, அதை எடுத்துவிட்டால் பொருள் எப்படி மாறும் என்று நம்மை யாரும் கேட்டதில்லை, நாமும் கேட்டுக்கொண்டதில்லை. இதனால் நேரும் இழப்பு ஒரு மதிப்பெண்ணோடு நின்றுவிடுவதில்லை.

என் அண்ணன் வணிகவியல் பட்டதாரி. வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது, கணினியில் கணக்கு எழுதுவது தமக்குக் கொஞ்சம் தெரியும் என்று சொல்ல நினைத்து, ‘ஐ ஹேவ் லிட்டில் நாலெட்ஜ்’ என்று எழுதிவிட்டார். நேர்முகத் தேர்வில் இருந்தவர், “ஒன்றும் தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, பிறகு ஏன் வந்தீர்கள்?” என்று கேட்டுச் சிரித்தாராம். ‘எ லிட்டில்’ என்றால் கொஞ்சம் உண்டு. வெறும் ‘லிட்டில்’ என்றால் அநேகமாக இல்லை. அந்த ஓரெழுத்து இருந்திருந்தால் வேலை கிடைத்திருக்கும் என்று நான் வாதாட வரவில்லை. தெரிந்ததைத் தெரியாது என்று தம் கையாலேயே எழுதிக் கொடுத்தோமே என்ற வெட்கம் அவரை வெகுநாள் விடவில்லை.

‘ஹி வென்ட் டு பிரிசன்’ என்றால் அவர் குற்றவாளியாகச் சிறை சென்றார் என்பது பொருள். ‘ஹி வென்ட் டு தி பிரிசன்’ என்றாலோ, யாரையோ பார்க்கவும் போயிருக்கலாம். அங்கே சுவருக்கு வெள்ளையடிக்கவும் போயிருக்கலாம். ஒரு ‘தி’ இல்லாமற் போனால் நல்ல மனிதர் கைதியாகிவிடுகிறார்!

இத்தகைய இடறல் நமக்கு மட்டும் உரியதா? இல்லை. 1969 ஜூலையில் நிலவில் முதன்முதலாகக் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங், ஒரு மனிதனுக்கு இது சிறிய அடி, மனித குலத்துக்கோ பெரும் பாய்ச்சல் என்று சொல்ல விரும்பினார். ஆனால் கேட்டவர் காதில் ‘எ மேன்’ விழவில்லை. ‘மேன்’ என்றே விழுந்தது. ‘எ’ இல்லாத ‘மேன்’ மனித குலத்தையே குறிக்குமாதலால் வாக்கியம் தன்னையே மறுத்துக்கொண்டது. ‘எ’ என்றுதான் சொல்ல எண்ணினேன் என்று அவர் பின்னர் விளக்க நேர்ந்தது. அவருக்கோ ஆங்கிலம் தாய்மொழி!

வரலாறு பயிலும் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம், அவ்வாண்டுப் போரில் கைப்பற்றப்பட்ட நிலப்பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்றது. ஆங்கில வாசகத்தில் ‘டெரிட்டரீஸ்’ என்பதற்கு முன் ‘தி’ இல்லை. ஆகவே எல்லாப் பகுதிகளிலிருந்தும் விலக வேண்டியதில்லை என்று ஒரு சாரார் கூறினர். பிரெஞ்சு வாசகத்தை ‘அந்தப் பகுதிகளிலிருந்து’ என்று படிக்க இடமுண்டு. ஆகவே அனைத்தையும் விட வேண்டும் என்று மற்றொரு சாரார் வாதிட்டனர். ஒரு சிறு சொல்லின் மேல் நாடுகளின் எல்லைகளே வழக்காடி நிற்கின்றன.

அப்படியானால் தமிழருக்கு இது எட்டாக் கனியா? இங்குதான் நாம் ஏமாந்துபோகிறோம். “அப்பா மாடு வாங்கினார்” என்கிறோம்; “அப்பா மாட்டை வாங்கினார்” என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியத்தில் அது ஏதோ ஒரு மாடு. இரண்டாவதைக் கேட்பவனுக்கோ எந்த மாடு என்று முன்பே தெரியும்; நேற்று சந்தையில் விலை பேசிய அதே மாடு! ஆங்கிலம் ‘எ’, ‘தி’ கொண்டு செய்யும் வேலையை இங்கே நமது ‘ஐ’ உருபு செய்கிறது. “சிலர் வந்தனர்”, “சிலரே வந்தனர்” என்பவற்றைப் பாருங்கள். ‘எ ஃபியூ’வுக்கும் ‘ஃபியூ’வுக்கும் உள்ள வேறுபாட்டை நமது ஏகாரம் காட்டிவிடுகிறதன்றோ? இரு மொழிகளும் எல்லா இடத்திலும் இப்படி ஒத்துப்போகும் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த நுட்பத்தை உணரும் செவி நம்மிடம் முன்பே இருக்கிறது. எழுதப்படிக்கத் தெரியாத என் பாட்டியும் “மாடு”, “மாட்டை” இரண்டையும் இடமறிந்தே பேசுவார்.

ஆங்கில வகுப்பில் தமிழ் நுழைந்தால் ஆங்கிலம் வளராது என்பார் உண்டு. ஆங்கிலச் சூழலில் வளர்ந்தவர்க்கு அது பொருந்தலாம். எங்கள் வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதித்த எங்களைப் போன்றோர்க்கு, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வதே வழி. விதியை ஒப்பிக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், ஒத்த இரு வாக்கியங்களைக் கரும்பலகையில் அருகருகே எழுதி, “பொருளில் என்ன மாறியது? தமிழில் சொல்” என்று ஆசிரியர்கள் கேட்கட்டும். தேர்வுத்தாளும் அதையே கேட்கட்டும்.

அதுவரை நாமே தொடங்கலாம், நண்பர்களே! நாள்தோறும் இரண்டு வாக்கியங்கள் போதும். அண்ணன் இப்போது அப்படித்தான் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார். அதன் முதல் பக்கத்தில் ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ என்ற இரண்டும் எதிரெதிரே எழுதப்பட்டிருக்கின்றன.

— மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு