நடுவரே ஆட்டக்காரரான தேர்தல்: ஜார்ஜியா கற்பிக்கும் பாடம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 2026 நவம்பரில் புதிய ஆளுநரைத் தேர்ந்தெடுக்கிறது. தொடர்ந்து இருமுறை பதவி வகித்துவிட்ட பிரையன் கெம்ப் மீண்டும் போட்டியிட அம்மாநிலச் சட்டம் இடமளிக்கவில்லை. பதவியில் இருப்பவர் களத்தில் இல்லாத இதேபோன்றதொரு தேர்தலில்தான், 2018இல், அவர் முதன்முறையாக வென்றார். அந்தத் தேர்தல் எழுப்பிய கேள்விகள் இன்றும் முடிந்தபாடில்லை. வாக்குரிமையை உயிர்நாடியாகக் கருதும் ஒடுக்கப்பட்ட மக்களாகிய நாம் அவற்றைக் கவனத்துடன் படிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு விளக்கம் முதலில். நம் நாட்டில் ஆளுநர் அரசியலமைப்பின் 155ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர். அமெரிக்காவில் ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மாநில ஆட்சித் தலைவர்; அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு நிகரானவர்.

2018 நவம்பர் 6 அன்று நடந்த தேர்தலில் குடியரசுக் கட்சியின் கெம்ப் 19,78,408 வாக்குகளும், ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஆப்ரம்ஸ் 19,23,685 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 54,723. அமெரிக்க வரலாற்றில் ஒரு பெருங்கட்சியின் ஆளுநர் வேட்பாளராக நிறுத்தப்பட்ட முதல் கறுப்பினப் பெண் ஆப்ரம்ஸ். ஜார்ஜியாவில் எவரும் பாதிக்கு மேல் வாக்குப் பெறாவிட்டால் இரண்டாம் சுற்று நடத்தப்பட வேண்டும். கெம்ப் அந்தப் பாதிக் கோட்டைத் தாண்டியது ஒன்பதாயிரத்துக்கும் குறைவான வாக்குகளால்தான். ஆப்ரம்ஸுக்கு இன்னும் சுமார் 17,500 வாக்குகள் கிடைத்திருந்தால் மக்கள் மீண்டும் வாக்குச்சாவடிக்குச் சென்றிருப்பார்கள்.

யார் கையில் பட்டியல்?

இந்த எண்களைவிட முக்கியமான உண்மை ஒன்று உண்டு. தேர்தல் நடந்த நாளன்று கெம்ப் ஜார்ஜியாவின் மாநிலச் செயலாளராகவும் இருந்தார். வாக்காளர் பட்டியலைப் பேணுவதும் தேர்தல் நிர்வாகத்தை மேற்பார்வையிடுவதும் அந்தப் பதவியின் பணி. தாம் போட்டியிடும் தேர்தலின் பட்டியல் தம் கையிலேயே இருந்தது. ஜார்ஜியாவின் முன்னாள் ஆளுநரும் அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவருமான ஜிம்மி கார்ட்டர், அப்பதவியிலிருந்து விலகுமாறு 2018 அக்டோபரில் கெம்புக்குக் கடிதம் எழுதினார். வாக்குப்பதிவு முடிந்து இரண்டு நாள் கழித்தே கெம்ப் விலகினார். தன் வழக்கில் தானே நீதிபதியாக எவரும் அமரக்கூடாது என்பது இயற்கை நீதியின் முதல் விதி. சட்டக் கல்லூரியின் தொடக்க வகுப்பிலேயே கற்பிக்கப்படும் அந்த விதி, ஜார்ஜியாவின் தேர்தல் களத்துக்கு வந்து சேரவில்லை.

பட்டியலில் நடந்தவற்றைப் பார்ப்போம். 2017 ஜூலையில், ஒரே இரவில், ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டன. இறந்தவர்களும் இடம் மாறியவர்களும் அதில் உண்டு என்பது உண்மை. ஆயினும் முந்தைய தேர்தல்களில் வாக்களிக்கவில்லை, அறிவிப்புக்கும் பதிலளிக்கவில்லை என்ற காரணத்தால் மட்டும் நீக்கப்பட்டவர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல் என்று செய்தி நிறுவனமொன்றின் ஆய்வு கணக்கிட்டது. வாக்களிக்காமலிருப்பதும் ஒரு குடிமகனின் உரிமைதான். அதற்குத் தண்டனையாகப் பெயரே அழிந்தது.

அடுத்தது 'துல்லியப் பொருத்தம்' என்ற விதி. விண்ணப்பத்தில் உள்ள பெயர் ஓட்டுநர் உரிமத் துறையின் பதிவோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஓர் இணைப்புக்கோடு விடுபட்டாலும் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படும். 2018 அக்டோபரில் இவ்வாறு நிலுவையில் கிடந்தவை சுமார் 53,000. மாநில மக்கள்தொகையில் கறுப்பின மக்கள் மூன்றில் ஒரு பங்கினர். நிலுவைப் பட்டியலிலோ ஏறத்தாழ 70 விழுக்காட்டினர். புகைப்பட அடையாள அட்டையைக் காட்டி இவர்கள் வாக்களிக்கலாம் என்று அரசு கூறியது. சட்டப்படி அது சரியே. ஆனால் 'நிலுவை' என்று கடிதம் பெற்ற ஒரு தொழிலாளி, ஒருநாள் கூலியை இழந்து வரிசையில் நிற்கத் துணிவாரா என்ற கேள்விக்கு அந்த விளக்கத்தில் விடையில்லை. எழுத்துப் பிழையைக் காட்டிச் சான்றிதழ் மறுக்கப்பட்டு, வட்டாட்சியர் அலுவலக வாசலில் காத்துக் கிடந்த அனுபவமுள்ள நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குடை எங்கே போனது?

இவை திடீரென முளைத்தவை அல்ல. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம், இனப்பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்கள் தங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் ஒன்றிய அரசிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ முன் ஒப்புதல் பெற வேண்டும் என்றது. ஜார்ஜியாவும் அவற்றுள் ஒன்று. 2013 ஜூன் 25 அன்று ஷெல்பி வட்டார வழக்கில், எந்தெந்த மாநிலங்களுக்கு இது பொருந்தும் என்பதை வரையறுத்த பிரிவை உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் செல்லாததாக்கியது. நனையவில்லை என்பதற்காக மழையில் குடையை வீசியெறிவது போன்றது இது என்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தம் மாறுபட்ட தீர்ப்பில் எச்சரித்தார். 2012க்கும் 2018க்கும் இடையில் ஜார்ஜியாவில் 200க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள் மூடப்பட்டதாக அட்லாண்டா நாளிதழ் கண்டறிந்தது.

ஆனால் ராண்டால்ஃப் வட்டாரத்தையும் நாம் மறக்கக்கூடாது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் அவ்வட்டாரத்தின் ஒன்பது வாக்குச்சாவடிகளில் ஏழை மூடும் திட்டம் 2018 ஆகஸ்டில் முன்வைக்கப்பட்டது. ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். வழக்கறிஞர்கள் துணை நின்றனர். தேர்தல் வாரியம் திட்டத்தைக் கைவிட்டது.

நீதிமன்றம் சொன்னதும் சொல்லாததும்

தேர்தலுக்குப் பின் ஆப்ரம்ஸ் நிறுவிய அமைப்பு வழக்குத் தொடுத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பர் 30 அன்று, எஞ்சிய கோரிக்கைகள் அனைத்தையும் நீதிபதி ஸ்டீவ் ஜோன்ஸ் நிராகரித்தார். நடைமுறைகள் குறையற்றவை அல்ல என்றாலும், அவை அரசியலமைப்பையோ வாக்குரிமைச் சட்டத்தையோ மீறவில்லை என்பது அவர் முடிவு. ஜோன்ஸ் கறுப்பினத்தவர், ஒபாமாவால் நியமிக்கப்பட்டவர். பகைமையின் தீர்ப்பு என்று இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

இத்தீர்ப்பை நாம் எப்படிப் படிப்பது? 2021இல் பிர்னோவிச் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலின்படி, வாக்களிப்பதில் வழக்கமாக உள்ள சிரமங்கள் உரிமை மீறலாகா. ஒவ்வொரு விதியையும் தனித்தனியே எடுத்து நிறுத்தால் சுமை சிறிதாகவே தெரியும். இணைப்புக்கோடு, மூடிய சாவடி, நீண்ட வரிசை ஆகிய அனைத்தும் ஒரே சமூகத்தின் தோளில் வந்து சேரும்போது உருவாகும் எடையை அந்தத் தராசு காட்டாது. அதேவேளை, 'தேர்தல் திருடப்பட்டது' என்ற முழக்கத்தை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தடை இருந்தது என்பதற்குச் சான்று உண்டு. முடிவை மாற்றியது அந்தத் தடைதான் என்பது நிறுவப்படவில்லை. இந்த வேறுபாட்டைக் காக்காத இயக்கம், 2020இல் டிரம்ப் தரப்பு எழுப்பிய பொய்க் கூச்சலுக்கு விடை சொல்லும் தகுதியை இழக்கும்.

நீதிமன்றத்தில் தோற்றாலும் களத்தில் சில வெற்றிகள் கிடைத்தன. 2019இல் சட்டமன்றம் துல்லியப் பொருத்த விதியைப் பெரிதும் தளர்த்தியது. பெயரை நீக்குமுன் மேலும் ஓர் அறிவிப்பு அனுப்பவும் வகைசெய்தது. 2021 ஜனவரியில், இரண்டாம் சுற்றுத் தேர்தலில், ரஃபேல் வார்னாக் ஜார்ஜியாவின் முதல் கறுப்பின செனட்டராக வென்றார். இந்த இரண்டாம் சுற்று விதியே 1964இல் கறுப்பின வாக்குகளின் வலிமையைக் குறைக்கும் நோக்கமுடையோர் முன்னின்று கொண்டுவந்தது என்பது வரலாற்றின் விசித்திரம். எனினும், 2022இல் ஆப்ரம்ஸ் மீண்டும் கெம்பிடம் முன்னைவிடப் பெரிய வேறுபாட்டில் தோற்றார். தடைகளை எதிர்ப்பது மட்டுமே வெற்றியாகிவிடாது.

நமக்கு

அம்பேத்கர் 1946இல் டூ பாய்ஸுக்கு எழுதிய கடிதம், நம் போராட்டத்துக்கும் கறுப்பின மக்களின் போராட்டத்துக்கும் உள்ள உறவின் சாட்சி. அந்த டூ பாய்ஸ் நெடுங்காலம் ஆசிரியராகப் பணியாற்றியது ஜார்ஜியாவின் அட்லாண்டாவில்தான்.

இங்கே, பட்டியலில் ஏற்கெனவே உள்ளவரை உரிய அறிவிப்பும் விசாரணையும் இன்றி நீக்கக்கூடாது என்று 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025இல் பீகார் வரைவுப் பட்டியலில் விடுபட்ட சுமார் 65 இலட்சம் பெயர்களைக் காரணத்துடன் வெளியிடுமாறு ஆகஸ்ட் 14 அன்று அது ஆணையிட்டது. இந்த ஆணைகள் தாமாக நம் சேரிகளுக்கு வந்து சேர்வதில்லை. வரைவுப் பட்டியல் வெளியாகும் நாளில் அதைக் கையில் ஏந்தி, தெருத்தெருவாக, வீடுவீடாகப் பெயர் சரிபார்க்கும் இளைஞர்கள் வேண்டும். விடுபட்டவரின் விண்ணப்பம், ஒப்புகைச் சீட்டு, அதிகாரி சொன்ன பதில் ஆகியவற்றைத் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் சான்று எங்கே என்று கேட்கும்போது, அந்த ஏடுதான் பேசும்.