ராஜுலாவின் கைப்பிடிக் கம்பி

என் ஹாஸ்டல் ரூம் மேஜையில் ஒரு கப்பல் நிக்குது. பெயர் ராஜுலா. 1926-ல் கட்டப்பட்டு, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர்னு பல வருஷம் ஆட்களை ஏத்திக்கிட்டுப் போன கப்பல். எங்க ஊர் கூத்தாநல்லூர்ல வயசானவங்க கிட்ட சிங்கப்பூர் பேச்சை எடுத்தா, ராஜுலா தானா வந்துடும். எங்க தாத்தாவும் அதில் டெக் டிக்கெட்டில் போனவர்தான்.

அவருக்காகத்தான் 1:200 அளவில் செய்ய ஆரம்பிச்சேன். கடைகளில் தேடினப்போ டைட்டானிக் கிட் கிடைச்சுது, பிஸ்மார்க் கிடைச்சுது, ராஜுலா கிடைக்கலை. சரின்னு பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி நானே ஒட்டினேன். லீவுக்கு ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டினா, தாத்தா பார்த்துட்டு, "கப்பலைச் சுத்தி மதில் சுவர் கட்டியிருக்கியே தம்பி"ன்னார்.

அவர் சொன்னது கணக்குப்படியும் சரி. 1:200-ல் 1 மி.மீ. பிளாஸ்டிக்னா நிஜத்தில் 20 செ.மீ. அவ்வளவு தடியான கம்பியை யார் கையால் பிடிக்க முடியும்? 0.2 மி.மீ. பித்தளைத் தகடுன்னா 4 செ.மீ. கைக்கு அடங்குற குழாய். அதனாலதான் மாடல் செய்றவங்க போட்டோ எட்சிங் பாகங்களுக்குப் போறாங்க.

இந்தப் பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற ஆடம்பரம்னு நம்மில் பலர் நினைக்கிறோம். நான் அதை ஒத்துக்க மாட்டேன். தகட்டில் ஒளி பட்டா இறுகுற ஃபிலிமை ஒட்டி, படத்தை வச்சு யூவி காட்டி, இறுகாததைக் கழுவி, ஃபெரிக் குளோரைடில் போடணும். மூடாத இடத்தை அது அரிச்சிடும். நம்ம லேபில் பிசிபி செய்யும்போது நடக்கிறதும் இதேதானே? இரண்டு பக்கமும் திறந்திருந்தா ஓட்டை. ஒரு பக்கம் மட்டும்னா பாதி ஆழத்துக்குப் பள்ளம், அதுதான் மடிக்கிற கோடு.

"3டி பிரிண்டர் இருக்கும்போது இது எதுக்கு?"ன்னு கேட்பீங்க. அவ்வளவு மெல்லிசா ரெசினில் அடிச்சா, விரல் பட்டதும் ஒடியுது. பித்தளை வளையும், வளைச்சபடியே நிக்கும்.

முதல் தடவை நான் தோத்தேன். பிசிபியில் செம்பு வழக்கமா 0.035 மி.மீ.தான். இங்கே பக்கத்துக்கு 0.1 மி.மீ. அரிக்கணும், கிட்டத்தட்ட மூணு மடங்கு. அதுக்குள்ள ஆசிட் பக்கவாட்டிலும் தின்னுது. ட்ரேயைப் பார்த்தா கம்பியே இல்லை. அடுத்த தடவை கோடுகளைக் கொஞ்சம் தடிமனா வரைஞ்சேன், நின்னுது.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும். மீந்த கரைசலில் செம்பு இருக்கும். அதை வாஷ்பேசினில் கொட்டாதீங்க. நம்ம பக்கம் சாக்கடை வாய்க்காலில் சேரும், வாய்க்கால் வயலுக்குப் போகும். பிளாஸ்டிக் கேனில் சேர்த்து லேபில் கொடுங்க. கையுறையும் கண்ணாடியும் இல்லாம தொடவே தொடாதீங்க.

பிஸ்மார்க்கை யாராவது செஞ்சுக்கிட்டேதான் இருப்பாங்க. நம்ம ஊர் ஆட்கள் ஏறிப்போன கப்பலை நாம செய்யலைன்னா வேற யார் செய்வா? போன லீவில் புதுக் கம்பியோட கப்பலைக் காட்டினேன். தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, பின்பக்க டெக்கில் ஒரு இடத்தை விரலால் காட்டினார். "இங்கதான் பாய் விரிச்சிருந்தோம்."