ஐந்து ஓட்டைகளை நம்பிக் கடன் வாங்காதீர்கள்

50 மீட்டர் ரைபிள் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் பெற்றோருக்கென்று அண்மையில் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. அதன் சாரம் மூன்று வரிகளில் அடங்கும். ரைபிளின் துல்லியத்தை அறிய, தொழிற்சாலையிலிருந்து அதனுடன் வரும் சோதனை அட்டையைப் பாருங்கள்; ஓட்டை எவ்வளவு சிறியதோ ரைபிள் அவ்வளவு நல்லது. விலை கூடக்கூடத் தரம் கூடும். பத்து வயதான ரைபிளைப் பிள்ளை கையில் கொடுப்பது அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுப்பது. நகையை அடகு வைத்தாவது புதிய ஜெர்மன் அல்லது சுவிஸ் ரைபிளை வாங்கிக் கொடுங்கள் என்று வெளிப்படையாகவே முடித்திருக்கிறார் கட்டுரையாளர்.

இந்த மூன்றும் தவறு. சாதாரணத் தவறாக இருந்தால் விட்டுவிடலாம். விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு அப்பா, அம்மாவின் சேமிப்பைக் குறிவைக்கும் தவறு இது. அதனால்தான் வரிவரியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த அட்டை. ரைபிளை இரும்புப் பிடியில் இறுக்கி, காற்றில்லாத சுரங்கக் கூடத்தில், தொழிற்சாலை தேர்ந்தெடுத்த தோட்டாவால் சில தடவை சுட்டுப் பார்த்த பதிவு அது. பெரும்பாலும் ஐந்து வெடி. ஐந்தும் ஏறக்குறைய ஒரே ஓட்டைக்குள் விழுந்திருக்கும். குழல் வளைந்தோ, தோட்டா அமரும் சேம்பர் பிசகாகவோ தொழிற்சாலையை விட்டு வெளியே வரவில்லை என்பதற்கு அது சான்று. அதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. கட்டுரையாளரோ இரண்டு ரைபிள்களின் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 9 மில்லிமீட்டர் குரூப் (வெடிகள் விழுந்த கூட்டம்) போட்டது 12 மில்லிமீட்டர் போட்டதை விட மேல் என்று தீர்ப்பு எழுதுகிறார். இந்தத் தீர்ப்புக்குக் கணக்கில் இடமே இல்லை.

ஏன் என்று பார்ப்போம். ஒரே ரைபிள், ஒரே தோட்டா, அதே பிடி. எதையும் தொடாமல் ஐந்தைந்து வெடியாகப் பத்து குரூப் சுடுங்கள். பத்தும் ஒரே அளவில் வராது. மிகச் சிறியது சராசரியில் 60 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும்; மிகப் பெரியது சராசரியை விட 40 சதவீதம் பெருத்திருக்கும். அதாவது, எந்தக் குறையும் இல்லாத ஒரே ரைபிள் தனக்குத்தானே இரண்டு மடங்கு வித்தியாசம் காட்டும். இது தற்செயலின் இயல்பு. எந்தத் தொழிற்சாலையாலும் இதைத் தவிர்க்க முடியாது. அப்படியிருக்க, ஒரு அட்டையில் 9, இன்னொன்றில் 12 என்பது இரண்டு ரைபிளும் சரிசமமாக இருந்தாலும் வரக்கூடிய இடைவெளிதான். வெடிகளைக் கூட்டினால் குரூப்பும் விரியும்: பத்து வெடிக் குரூப், ஐந்து வெடிக் குரூப்பை விடச் சராசரியாகக் கால் பங்கு பெரிது. ஒருவர் ஐந்து வெடியைக் காட்டி, இன்னொருவர் பத்து வெடியைக் காட்டினால், அந்த ஒப்பீடு தொடங்கும் முன்பே பொய்யாகிவிடுகிறது. கட்டுரையில் எந்த அட்டை எத்தனை வெடி என்ற விவரம் ஓர் இடத்திலும் இல்லை. துல்லியத்தைப் பற்றி எழுத வந்தவர் துல்லியத்தின் முதல் விவரத்தையே விட்டுவிட்டார்.

குரூப்பின் அகலத்தை மட்டும் அளப்பதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அது மிகத் தள்ளி விழுந்த இரண்டு வெடிகளை மட்டுமே பார்க்கிறது. நடுவில் விழுந்த மற்றவை எங்கே இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஒவ்வொரு வெடியும் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்தது என்று அளந்து சராசரி எடுத்தால்தான் எல்லா வெடியும் பேசும். போட்டியின் புள்ளிக் கணக்கும் அப்படித்தானே நடக்கிறது!

அந்தப் புள்ளிக் கணக்கை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடலாம். 50 மீட்டர் அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். தோட்டாவின் விட்டம் 5.6. வளையத்தின் ஓரத்தைத் தொட்டாலே பத்து என்பதால், தோட்டாவின் மையம் அட்டை மையத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். தசமக் கணக்கில் ஒவ்வொரு 0.8 மில்லிமீட்டர் விலகலுக்கும் 0.1 புள்ளி போகும். 10.9-இலிருந்து 10.0 வரை உள்ள மொத்தப் பயணமும் அந்த 8 மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது.

இப்போது தோட்டாவுக்கு வருவோம். கட்டுரை முழுக்க இதைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை; என் கோபத்தின் பெரும்பகுதி இங்கேதான். இந்தப் போட்டியில் சுடும் .22 ரிம்ஃபயர் தோட்டாவைச் சுடுபவர் தானே தயாரித்துக்கொள்ள முடியாது. மற்ற ரைபிள்காரர்கள் மருந்தை மில்லிகிராம் கணக்கில் நிறுத்துப் போட்டுத் தங்கள் துப்பாக்கிக்கு ஏற்பத் தோட்டாவைச் செதுக்குவார்கள். இங்கே தொழிற்சாலை கொடுப்பதுதான் வேதம். அது நொடிக்கு ஏறக்குறைய 325 மீட்டர் வேகத்தில், ஒலியை விட மெதுவாகப் போகிறது. 50 மீட்டரைக் கடக்கும்போது ஈர்ப்பால் 12 சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறது. வேகம் நொடிக்கு 3 மீட்டர் மாறினால் அந்த இறக்கம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் மாறும். நல்ல போட்டித் தோட்டாவிலேயே ஒன்றுக்கொன்று 3 மீட்டர் வேறுபடுவது சாதாரணம். ஏறக்குறைய மூன்று தசமப் புள்ளி அங்கேயே காலி. இதில் ரைபிளின் குற்றம் எதுவும் இல்லை.

எலி, லபுவா, ஆர்டபிள்யூஎஸ் என எந்தத் தயாரிப்பாளரின் பெயராக இருந்தாலும், தோட்டா லாட் லாட்டாகத்தான், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுப்புகளாகத்தான் வருகிறது. எலி டெனெக்ஸ் பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். லாட் எண்ணும் அந்த லாட்டின் வேகமும் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே பெயர், ஒரே விலை, ஒரே நிறப் பெட்டி. ஆனால் ஒரு லாட் உங்கள் குழலில் பத்தாம் வளையத்துக்குள் அடங்கும், அடுத்த லாட் ஒன்பதுக்குள் கசியும். பக்கத்துத் தடத்தில் படுத்திருப்பவரின் குழலில் அதே இரண்டு லாட்டும் இடம் மாறி நடந்துகொள்ளும். இதனால்தான் எலியும் லபுவாவும் சோதனை நிலையங்களை நடத்துகின்றன. வீரர்கள் ரைபிளைக் கொண்டுபோய்ப் பிடியில் பொருத்தி, லாட் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் பல பத்து வெடிகள் சுட்டு, தங்கள் குழலுக்குப் பிடித்த லாட்டைத் தேர்ந்து மொத்தமாக வாங்குகிறார்கள். ரைபிள் மட்டும் தனியாகத் துல்லியமாக இருந்துவிட முடியும் என்றால் இத்தனை செலவும் அலைச்சலும் எதற்கு? துல்லியம் என்பது இந்தக் குழலும் இந்த லாட்டும் சேர்ந்த சோடிக்குச் சொந்தமானது. தொழிற்சாலை அட்டையில் சுட்ட லாட் நம் ஊருக்கு வரவே போவதில்லை. பிறகு அந்த அட்டையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்?

அடுத்தது, சுடுபவரின் கை. ரைபிளும் தோட்டாவும் சேர்ந்து ஒரு சிதறலைத் தருகின்றன. உடல் ஆட்டமும் மூச்சும் விசை இழுப்பும் இன்னொரு சிதறலைத் தருகின்றன. இரண்டும் நேராகக் கூடுவதில்லை. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும். மூன்று, நான்கு வருடம் பயிற்சி பெற்ற ஒரு பிள்ளையின் கைச் சிதறல் 10, ரைபிளின் சிதறல் 4 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10.8. பெரும் பணம் கொட்டி ரைபிளை 3-க்குக் கொண்டுவந்தால் மொத்தம் 10.4. பழைய ரைபிளையே வைத்துக்கொண்டு பயிற்சியால் கையை 9-க்குக் கொண்டுவந்தால் 9.8. ஒரே அளவு முன்னேற்றம், பலனில் ஏறக்குறைய மூன்று மடங்கு வேறுபாடு. உலகத் தரத்தில் கைச் சிதறலும் 4-க்கு இறங்கிய ஒருவருக்கு ரைபிளின் அந்த ஒரு புள்ளி உண்மையிலேயே பெரிது. அவர் அதற்குச் செலவழிக்கட்டும். மாவட்டப் போட்டியில் நிற்கும் பதினான்கு வயதுக் குழந்தையின் பெற்றோரிடம் அந்த வீரருக்கான அறிவுரையைச் சொல்வது அநியாயம்.

தன் வாதத்துக்குப் பலம் சேர்க்க, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலேயை இழுத்து வருகிறார் கட்டுரையாளர். நல்ல ரைபிள் பதக்கம் தந்தது என்கிறார். அந்த இறுதிச் சுற்றின் ஓட்டத்தை அவர் பார்த்தாரா? முழந்தாள் நிலை முடிந்தபோது குசாலே ஆறாம் இடம். படுத்த நிலை முடிந்தபோது ஐந்தாம் இடம். நின்ற நிலையில்தான் மேலேறி 451.4 புள்ளியோடு மூன்றாம் இடத்தைப் பிடித்தார். படுத்த நிலையில் உடல் ஆட்டம் மிகக் குறைவு. ரைபிளின் தரம் அதிகம் பேசுவது அங்கேதான். நின்ற நிலையில் மனித உடல்தான் எல்லாம். அவரை மேலே ஏற்றியது நின்ற நிலை. சான்றாகக் கொண்டுவந்த பதக்கமே கட்டுரையாளரின் வாதத்தை உடைக்கிறது. அந்த இளைஞரின் உழைப்பை ஓர் இரும்புக் குழலின் கணக்கில் எழுதுவது அவருக்குச் செய்யும் அவமரியாதையும்கூட.

இன்னோர் உதாரணம், கட்டுரையாளர் கவனிக்காதது. அமெரிக்க வீரர் மேத்யூ எம்மன்ஸின் ரைபிளை 2004-இல் தேர்வுப் போட்டிகளுக்கு முன் யாரோ சிதைத்துவிட்டார்கள். அவர் தனக்குத் தெரிந்த ஒரு வீராங்கனையிடம் இரவல் வாங்கிய ரைபிளோடு ஏதென்ஸுக்குப் போய், படுத்த நிலைப் போட்டியில் தங்கம் வென்றார். 2008 பெய்ஜிங்கில், மூன்று நிலைப் போட்டியின் கடைசி வெடிக்கு முன் எல்லோரையும் விட முன்னிலையில் நின்றார். விரல் விசையில் நேரத்துக்கு முன் பட்டுவிட, வெடி 4.4-இல் விழுந்தது. பதக்கமே போயிற்று. ரைபிள் முக்கியமே இல்லை என்று இதை வைத்து நான் வாதிடவில்லை. இரவல் ரைபிளும் நல்ல ரைபிள்தான். பயன்படுத்திய ரைபிளைத் தொட்டாலே பிள்ளை தோற்கும் என்பவர் இந்தத் தங்கத்துக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும்.

பத்து வருடத்தில் ரைபிள் செத்துவிடும் என்ற கூற்றை எங்கிருந்து எடுத்தார் என்றே புரியவில்லை. .22-இன் அழுத்தம் குறைவு, தோட்டா மென்மையான ஈயம். இந்தக் குழல்கள் பல்லாயிரம் வெடிகளைத் தாங்கும். ரைபிள் நிறுவனமான அன்ஷூட்ஸின் மேட்ச் 54 அமைப்பு 1954-இல் வந்தது. அதன் வழி வந்த ரைபிள்கள் இன்றும் போட்டிகளில் சுடப்படுகின்றன. வயதைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ரைபிளைப் பார்க்கத் தெரிய வேண்டும். போல்ட்டைக் கழற்றி, சேம்பருக்குச் சற்று முன்னால் உள்ள இடத்தை விளக்கு வைத்துப் பாருங்கள்; கரி வளையம் கட்டியிருக்கும். அதை எடுத்துவிட்டால் பல ‘செத்த’ ரைபிள்கள் எழுந்துவிடுகின்றன. சுத்தம் செய்யும் துணியைக் கம்பியில் கோத்துக் குழல் வழியே மெதுவாகத் தள்ளுங்கள். முனை வரை ஒரே இறுக்கம் கையில் தெரிய வேண்டும், நடுவில் திடீரென வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. சுட்ட தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி விளிம்பைப் பாருங்கள். ஊசி பதித்த குழி எல்லாவற்றிலும் ஒரே ஆழத்தில் இருக்கிறதா? குழலையும் கட்டையையும் இணைக்கும் திருகுகள் ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில், அளவுகோல் உள்ள சாவியால் முறுக்கப்படுகின்றனவா? இவ்வளவும் சரியாக இருந்தால், கிடைக்கும் இரண்டு மூன்று லாட்டுகளில் நாற்பது நாற்பது வெடி சுட்டுப் பாருங்கள். அந்த அட்டைதான் சாட்சி.

பணம் எதற்குப் போகிறது என்றும் கட்டுரையாளர் சொல்லியிருக்க வேண்டும். விலை உயர உயரக் கூடுவது பெரும்பாலும் அலுமினியக் கட்டையின் வசதிகள்: கன்னம் வைக்கும் பலகை, தோள் தட்டு, கைப்பிடியின் கோணம், எடைக் கட்டிகள். வளரும் பிள்ளைக்கு இவற்றில் சில அவசியம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவற்றைப் பழைய ரைபிளிலும் பொருத்தலாம். குழலின் உள்ளே நடப்பதற்கும் இந்த விலைக்கும் உள்ள உறவு கட்டுரை சொல்வது போல ஏணிப்படியாக ஏறுவதில்லை.

சோதனைக்கு வழி எளிது. அவர் புகழ்ந்த புது ரைபிள், அவர் ஒதுக்கிய விலை குறைந்த ரைபிள், பத்து வருடப் பழையது ஒன்று. மூன்றையும் ஒரே பிடியில் பொருத்தட்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு லாட். ஒவ்வொரு லாட்டிலும் நாற்பது வெடி. எந்த வெடியையும் ‘காற்று’, ‘கை நழுவியது’ என்று விலக்காமல், எல்லா அட்டைகளையும் லாட் எண்ணோடு அச்சிடட்டும். அதுவரை, நகையை அடகு வைக்கச் சொன்ன அந்த ஒரு வரியை அவர் திரும்பப் பெற வேண்டும்.