தம்பிக்கு ஏற்ற இடம் எது?

ஐயப்பன்தாங்கல் பணிமனையில் பேருந்துக்குக் காத்து நிற்கும் வேளைகளில் எதிர்ப்படும் பலகைகளைப் படிப்பது நம் வழக்கம். தேநீர்க்கடை, மழலையர் பள்ளி, பிரியாணிக் கடை எனப் பலவற்றிலும் ஒரே முகச்சாயல்: முனை மழுங்கிப் பருத்து உப்பிய எழுத்துகள். அவ்வகையில் பரவலாக அறியப்பட்டது 'பாலூ தம்பி' என்னும் எழுத்துரு.

மும்பையின் எக் டைப் குழுவினர் 2016-இல் வெளியிட்டது அது. இந்தியில் பாலூ என்றால் கரடி. அக்கரடிக் குடும்பத்தில் மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, பஞ்சாபிக்குப் பாஜி, தமிழுக்குத் தம்பி. தமிழ் வடிவத்தை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். திறந்த உரிமத்தில் கிடைப்பதால் எவரும் காசின்றிப் பயன்படுத்தலாம். முதலில் ஒரே தடிப்பில் வந்தது. பின்னர் வந்த 'பாலூ 2' ஐந்து தடிப்புகளில் கிடைக்கிறது.

வட்டம் தமிழுக்குப் புதியதன்று. ஓலையில் எழுத்தாணி இழுத்த கோடு வளைந்தே ஓடியது. ஆகவே இவ்வுருவத்தை அயல் வடிவம் என்று ஒதுக்குவோரோடு நாம் உடன்படவில்லை. தொலைவிலிருந்து பார்ப்பவரையும் நட்போடு அழைக்கும் குணம் இதற்குண்டு. சிறுவர் நூலின் அட்டைக்கும் கடைப் பலகைக்கும் இதைவிடப் பொருத்தமானவை சிலவே.

சிக்கல் சுழியில் இருக்கிறது. ணகரத்துக்கு மூன்று சுழி, னகரத்துக்கு இரண்டு. கோடு தடிக்கத் தடிக்கச் சுழியின் உள்வெளி சுருங்கும். எழுத்தின் அளவும் சிறுத்தால் அடைந்தே போகும். நம் துறையின் ஆண்டு மலரில் இதை நாமே பட்டறிந்தோம். பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று கவிதைப் பக்கங்கள் முழுவதையும் இத்தகைய தடித்த எழுத்தில் சிறிய அளவில் அச்சிட இசைந்தோம். ஒரு மாணவி 'மணம்' என்று எழுதியதை வாசித்தோர் பலரும் 'மனம்' என்றே படித்தனர். பூவைப் பற்றிய கவிதை நெஞ்சைப் பற்றியதாயிற்று. மலரைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாணவி நின்ற நிலை இன்னும் நம்மை உறுத்துகிறது. பிழை எழுத்துருவினுடையதன்று, தலைப்புக்கென வரைந்ததைப் பத்திக்குப் பயன்படுத்திய நம்முடையது.

மற்றொன்று, இடம் அறிதல். சென்ற மாதம் இதே சாலையில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகை கண்டோம். இறந்தவர் இளைஞர். படத்தின்கீழ் அவர் பெயர் பிறந்தநாள் வாழ்த்தைப் போலக் குதூகலித்து நின்றது. தம்பி துக்க வீட்டுக்கு வரலாம், சிரித்துக்கொண்டு வரலாகாது.

சொல்லே முதன்மை, எழுத்துரு வெறும் உடை என்பார் உளர். உடையானாலும் சாவுக்கும் மணத்துக்கும் நாம் ஒன்றையே உடுப்பதில்லை. கணினியில் கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்ளும் அவசரமே இக்குழப்பத்துக்குக் காரணம். பலகை எழுதும் ஓவியர் தூரிகையைத் தொடுமுன், என்ன கடை, எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று கேட்பார். அக்கேள்வியை நாமும் கேட்கலாம்.

இவ்வாண்டு மலருக்கு ஒரு முறை வகுத்துள்ளோம். அச்சுக்கு அனுப்புமுன் ண, ன, ஞ மூன்றையும் உரிய அளவில் தாளில் எடுத்து, கண்ணாடி அணிந்த மூத்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டுவது. அவர் தடுமாறாமல் படித்தால் அவ்வெழுத்து பத்திக்கு. தடுமாறினால் தலைப்புக்கு மட்டும். தம்பிக்கு அட்டையில் இடம் உறுதி.