1931: ஒரே ஆண்டில் இரண்டு புனிதத் தலங்கள்

பலஸ்தீனத்தைப் பற்றிப் பேசாத முஸ்லிம் வீடு இல்லை. கடந்த ஓராண்டாகத் திருப்பரங்குன்றமும் அப்படியே. இரண்டும் தொடர்பில்லாதவை என்றே நினைக்கிறோம். ஆனால் 1931-ஆம் ஆண்டில் இந்த இரண்டு இடங்களுக்கும் லண்டனிலிருந்து முடிவு எழுதப்பட்டது. அதற்குப் பின் நடந்தவற்றில் நமக்குப் பாடம் இருக்கிறது.

முதலாவது, பைத்துல் முகத்தஸின் மேற்குச் சுவர். நாம் அதை புராக் சுவர் என்கிறோம். யூதர்களுக்கும் அது புனிதமானது. 1929-ல் அதையொட்டி மூண்ட கலவரம் பலஸ்தீனத்தில் பரவி, 133 யூதர்களும் 116 அரபுகளும் உயிரிழந்தனர். சர்வதேச சங்கத்தின் ஒப்புதலுடன் அமைந்த மூவர் குழு விசாரித்தது. சுவர் முஸ்லிம்களின் வக்ஃபு சொத்து, யூதர்கள் அங்கு சென்று வழிபட உரிமை உண்டு என்பது அதன் முடிவு. 1931-ல் பிரிட்டிஷ் அரசு அதற்கு ஆணை வடிவம் கொடுத்தது.

இரண்டாவது, மதுரைக்கு அருகிலுள்ள திருப்பரங்குன்றம் மலை. அடிவாரத்தில் முருகன் கோயில், உச்சியில் சிக்கந்தர் பாதுஷா தர்கா. 1920-ல் தேவஸ்தானம் தொடர்ந்த வழக்கில், மதுரை சார்பு நீதிமன்றம் 1923-ல் எல்லை வகுத்தது. நெல்லித்தோப்பு, அங்குள்ள மண்டபம், அங்கிருந்து மேலே செல்லும் படிக்கட்டு, பள்ளிவாசலும் கொடிமரமும் நிற்கும் உச்சிப்பாறை ஆகியவை முஸ்லிம்களுக்கு. ஆக்கிரமிப்பில் இல்லாத மற்ற மலைப்பகுதி தேவஸ்தானத்திற்கு. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1931-ல் பிரிவி கவுன்சில், மதுரைத் தீர்ப்பையே மீண்டும் நிலைநிறுத்தியது.

ஆணை ஒரே ஆண்டில் வந்தது. விளைவு ஒன்றாக இல்லை. 1967 ஜூனில் கிழக்கு ஜெருசலத்தை இஸ்ரேல் ராணுவம் கைப்பற்றியது. சில நாட்களிலேயே, ஸலாஹுத்தீன் அய்யூபியின் மகன் வக்ஃபு செய்த மகாரிபா குடியிருப்பு புல்டோசரால் தரைமட்டமானது. சுவருக்கு முன்னால் இன்று காணும் அகன்ற மைதானம், அந்தக் குடும்பங்கள் வாழ்ந்த இடம். 1931-ன் ஆணையை எந்த நீதிமன்றமும் ரத்து செய்யவில்லை. ஆயுதம் அதைச் செல்லாக்காசாக்கியது.

திருப்பரங்குன்றத்தில் அப்படி நடக்கவில்லை. இங்கே இன்றும் சண்டை 1923 தீர்ப்பை வைத்தே நடக்கிறது. 2025 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மலையில் ஆடு, கோழி பலியிட அனுமதி மறுத்தது. நெல்லித்தோப்பில் இரு பெருநாள் தொழுகைகளுக்கு மட்டும் நிபந்தனையுடன் இடம் தந்தது. டிசம்பரில், தர்காவுக்கு அருகிலுள்ள கல்தூணில் கார்த்திகை தீபம் ஏற்ற தனி நீதிபதி உத்தரவிட்டார். 2026 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. இவை நம்மில் பலருக்கு வேதனை தந்தன. மேல்முறையீட்டு வழி சட்டத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1923 தீர்ப்பு நமக்கு நெல்லித்தோப்பைத் தந்த அதே கையால், மலையின் பெரும்பகுதியைக் கோயிலுக்குத் தந்தது. முதல் பாதியைக் காட்டி உரிமை கேட்கும் நாம், இரண்டாம் பாதியை மறைத்து 'மலையே எங்களுடையது' என்று சமூக ஊடகத்தில் எழுதினால், நம் கையிலிருக்கும் ஆதாரத்தை நாமே பலவீனப்படுத்துகிறோம். தர்காவை அகற்றச் சொல்பவர்களும் அதே தீர்ப்பின் முன் நின்று பதில் சொல்லட்டும். கந்தூரி, நேர்ச்சை பற்றி நமக்குள் மார்க்க ரீதியான கருத்து வேறுபாடு உண்டு. அது நமக்குள் பேச வேண்டியது. நில உரிமை வேறு.

ஹுதைபிய்யாவை நினைத்துப் பாருங்கள். கஅபாவைத் தரிசிக்க வந்த நபி (ஸல்) அவர்கள், அந்த ஆண்டு உம்ரா செய்யாமலேயே திரும்ப ஒப்புக்கொண்டார்கள். ஸஹாபாக்களில் பலருக்கு அது தாங்க முடியாத நிபந்தனையாக இருந்தது. ஆனாலும் கையெழுத்தான பின் கசப்பான ஷரத்தையும் அண்ணலார் காத்தார்கள். மறு ஆண்டு அதே ஒப்பந்தத்தின்படி மக்காவுக்குள் நுழைந்தார்கள்.

நம் ஊர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. நீண்ட காலப் பயன்பாட்டை மட்டும் வைத்து ஒரு சொத்தை வக்ஃபு என்று ஏற்கும் வழியை, 2025 வக்ஃபு திருத்தச் சட்டம் இனி வருபவற்றுக்கு அடைத்துவிட்டது. ராயகிரி, சங்கரன்கோவில் பக்கத்திலும் சரி, வேறு எங்கும் சரி, ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பள்ளிவாசல், கபருஸ்தான் ஆகியவற்றின் பத்திரம், பட்டா, சர்வே எண், நான்கெல்லை, வக்ஃபு வாரியப் பதிவு ஆகியவற்றை எடுத்துப் பார்க்க வேண்டும். 'பாட்டன் காலத்திலிருந்து நம்முடையது' என்ற வார்த்தை நீதிமன்றத்தில் தனியாக நிற்காது. எல்லைக்கு அப்பால் இருப்பது பக்கத்துக்காரரின் உரிமை என்பதையும் அந்தக் காகிதமே நம் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

பலஸ்தீன மக்களுக்காக துஆ செய்வோம். அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட சட்டத்தின் பாதுகாப்பு இந்த மண்ணில் நமக்கு இன்னும் இருக்கிறது. அதைக் கோபத்தில் நாமே கைநழுவ விடாமல் அல்லாஹ் பாதுகாப்பானாக.