பங்கு யாருக்கு?

"எங்கள் வீட்டுப் பெண்கள் சொத்துக் கேட்டு வாசலில் நிற்பவர்கள் அல்லர்" என்று நம் கத்தோலிக்கக் குடும்பத் தலைவர்கள் பெருமிதத்தோடு சொல்வதுண்டு. அவர்கள் கேட்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். கேட்டால் என்ன நேரும் என்பதை அவர்களுக்குக் கற்பித்து வைத்திருக்கிறோம் என்பதும் உண்மையே. உடன்பிறந்தான் வீட்டு வாசல் அடைபடும். பிள்ளைகளுக்குத் தாய்மாமன் இல்லாமற் போவான்.

குமரி மாவட்டம் முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அங்கே கொல்லம் ஆண்டு 1092-இல் இயற்றப்பட்ட கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், தந்தை உயிலின்றி இறந்தால் மகளுக்கு மகனுடைய பங்கில் காற்பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது என விதித்தது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவுமில்லை. கொடுப்பதாக வாக்களித்திருந்தாலே போதும், அதுவுமில்லை! மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இச்சட்டம் 1951-ஆம் ஆண்டிலேயே செல்லாததாகிவிட்டது என்றது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயிலில்லாத இடத்தில் கைம்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு; மீதி, மகன் மகள் என்ற வேறுபாடின்றிச் சமமாக. குடும்பங்கள் உடையும் என்று அப்போது கேரளத்தில் எழுந்த கூக்குரலில் மேய்ப்பர்கள் சிலரின் குரலும் கலந்திருந்ததை மறைப்பதற்கில்லை.

மரபைக் காக்கிறோம் என்பவர்கள் அந்தப் பழைய சட்டத்தையே முழுதும் படிக்கட்டும். நெய்யாற்றின்கரை முதலிய வட்டங்களில், ஆணும் பெண்ணும் சமமாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கமுடைய இலத்தீன் கத்தோலிக்கர்க்கு அது விலக்கு அளித்திருந்தது. அதுவும் மரபுதானே?

இன்று பெண்ணின் நிலத்தைப் பறிப்பது சட்டமன்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்தாகும் விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலை என்று கேட்கத் தோன்றுகிறது. தந்தையின் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த கையோடு, அழுத கண் காயுமுன், "ஒரு கையெழுத்துத்தானே அக்கா" என்று தாள் நீட்டப்படுகிறது. முழு மனத்தோடு விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியும் இருக்கிறது.

நகை போட்டோமே என்பார்கள். நகை புகுந்த வீட்டின் அவசரத்துக்கு அடகுக்கடை ஏறும். பட்டா தன் பெயரில் இருக்கும் பெண்ணை வீட்டைவிட்டு வெளியே போ என்று சொல்ல எவனும் ஒருமுறை யோசிப்பான். நிலம் துண்டு துண்டாகிவிடும் என்பார்கள். நான்கு ஆண்மக்களுக்கு நான்காக வரப்புப் போட்டபோது இந்தக் கவலை எங்கே போயிருந்தது?

செலொபுகாதின் புதல்வியர் ஐவர், மோசேயும் குரு எலயாசரும் தலைவர்களும் மக்கள் கூட்டம் முழுவதும் காண, சந்திப்புக் கூடார வாயிலில் நின்று தந்தையின் நிலத்தைக் கேட்டார்கள். அவர்கள் கேட்பது முறையே என்று ஆண்டவர் தீர்ப்பளித்தார். சகோதரர் இல்லாததால்தான் அவர்களுக்குக் கிடைத்தது என்று மறுப்போருக்கு யோபு விடை சொல்வார். ஏழு மகன்கள் இருந்தும், அவர்களுக்கிடையே தம் மூன்று மகளிருக்கும் உரிமைச் சொத்துக் கொடுத்தவர் அவர்.

திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் மணமக்களுக்கு எத்தனையோ கற்பிக்கிறோம். வாரிசுரிமைச் சட்டத்துக்கு அங்கே அரைமணி நேரம் ஒதுக்கப்படட்டும். மணமகளின் தந்தையும் தமையன்மாரும் அந்த அரைமணி நேரம் உடனிருக்க வேண்டும் என்று பங்குப் பேரவைகள் விதிக்கட்டும்.