அந்தக் கடைசி அலறலுக்கு விடை என்ன?

கொஞ்சம் நீளமான பதிவு. 'ட்வின் பீக்ஸ்' நாடகத்தை இனித்தான் பார்க்கப்போகிறோம் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முடிவைச் சொல்லாமல் இந்த விடயத்தைக் கதைக்க முடியாது. பார்க்காதவர்களுக்கும் விளங்கும்படிதான் எழுதுகிறோம். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிற நாடகமல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

கதை சுருக்கமாக இதுதான். 1990 ஏப்ரலில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய நாடகம். உருவாக்கியவர்கள் டேவிட் லிஞ்ச், மார்க் ஃப்ரொஸ்ட். வொஷிங்டன் மாநிலத்தில் ஒரு சிறிய கற்பனை ஊர். ஒரு காலையில் லோரா பாமர் என்ற பாடசாலை மாணவியின் உடல், பிளாஸ்டிக்கில் சுற்றப்பட்டு, நீரோரத்தில் கிடக்கிறது. விசாரிக்க எஃப்.பி.ஐ. அதிகாரி டேல் கூப்பர் வருகிறார். 'லோராவைக் கொன்றது யார்?' என்பதுதான் அன்று அமெரிக்கா முழுக்கக் கேட்ட கேள்வி.

தொலைக்காட்சி நிறுவனத்தின் நெருக்குதலால் 1990 நவம்பரிலேயே விடை சொல்லப்பட்டது. கொன்றது பெற்ற தகப்பன். அவருக்குள் 'பொப்' என்ற தீய சக்தி புகுந்திருந்தது. அதற்குப் பிறகு பார்ப்பவர்கள் குறைந்தார்கள். 1991 ஜூனில் நாடகம் நின்றது. நல்லவரான கூப்பர் வேறோர் உலகத்தில் அடைபட, அவருடைய உருவத்தில் ஒரு கெட்டவன் வெளியே வந்ததோடு கதை அந்தரத்தில் தொங்கியது.

2017இல் ஷோடைம் அலைவரிசையில் அது திரும்பி வந்தது. 18 பாகங்கள். அத்தனையையும் இயக்கியது லிஞ்ச். செப்டெம்பர் 3ஆம் திகதி கடைசி இரண்டு பாகங்களும் ஒரே இரவில் ஒளிபரப்பாகின. அன்று தொடங்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை.

அந்த இரண்டு பாகங்களில் நடப்பது என்ன? கூப்பர் காலத்தில் பின்னால் போய், லோரா கொல்லப்படவிருந்த இரவில் காட்டுக்குள் அவளைச் சந்திக்கிறார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். நீரோரத்தில் கிடந்த உடல் மறைகிறது. ஆனால் கொஞ்ச தூரம் போனதும் அலறல் கேட்கிறது, அவர் கையிலிருந்த லோராவும் காணாமல் போகிறாள். பிறகு அவர் 430 மைல் காரோட்டி வேறோர் உலகத்துக்குள் நுழைகிறார். டெக்சாஸின் ஒடெஸா நகரில் லோராவின் முகத்தோடு ஒரு நடுவயதுப் பெண்ணைக் காண்கிறார். அவள் பெயர் கெரி பேஜ். லோரா யாரென்றே அவளுக்குத் தெரியாது. அவளை இரவிரவாகக் காரில் கொண்டுவந்து பாமர் வீட்டு வாசலில் நிறுத்துகிறார். கதவைத் திறப்பவள் யாரோ ஒரு பெண். பாமர் குடும்பத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்கிறாள். திகைத்துப்போன கூப்பர், இது எந்த ஆண்டு என்று கேட்கிறார். வீட்டுக்குள்ளிருந்து "லோரா" என்று தாயின் குரல் மெல்லக் கேட்கிறது. கெரி அலறுகிறாள். வீட்டு விளக்குகள் அணைகின்றன. அவ்வளவுதான். முடிந்தது.

ரசிகர்கள் சொல்லும் விளக்கங்களில் முக்கியமானவை நான்கு.

ஒன்று, எல்லாமே கனவு. 14ஆம் பாகத்தில் கனவு காண்பவர் யார் என்ற கேள்வி நேரடியாகவே எழுப்பப்படுகிறது. 17ஆம் பாகத்தில் கூப்பரின் முகம் காட்சியின் மேல் நிழல் போல நிற்கிறது.

இரண்டு, கூப்பர் தோற்றுவிட்டார். 'ஜூடி' என்ற பெருந்தீமை லோராவை வேறோர் உலகத்தில் ஒளித்துவைத்திருக்கிறது. கெரி வேலை செய்த உணவகத்தின் பெயரே ஜூடி. கதவைத் திறந்த பெண் சொல்லும் ட்ரெமண்ட், சல்ஃபொன்ட் என்ற பெயர்கள் பழைய கதையில் மாய உலகத்தோடு சம்பந்தப்பட்ட பெயர்கள்.

மூன்று, கூப்பர் வென்றார். 430 என்ற எண் முதலாம் பாகத்தின் தொடக்கத்திலேயே அவருக்குச் சொல்லப்படுகிறது. ஆகவே எல்லாம் திட்டப்படி நடந்தது. அலறலில் விளக்குகள் அணைந்தது தீமை அழிந்ததற்கு அடையாளம்.

நான்கு, கூப்பர் வந்து சேர்ந்தது நமது நிஜ உலகத்துக்கு. இதற்கு ஒரு சுவையான ஆதாரமும் உண்டு. கதவைத் திறக்கும் பெண்ணாக நடித்தவர், எவரெட் நகரிலுள்ள அந்த வீட்டின் உண்மையான உரிமையாளரேதான்.

இவை தவிர, கடைசி இரண்டு பாகங்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். 2019இல் ஒரு ரசிகர் நாலு மணித்தியாலத்துக்கும் கூடிய யூடியூப் காணொளியில் முழு நாடகத்துக்கும் விளக்கம் சொன்னார். லிஞ்ச் மட்டும் வாயைத் திறக்கவில்லை. 2025 ஜனவரியில் அவர் காலமானார். இனி அவரிடம் போய்க் கேட்க முடியாது.

"சும்மா குழப்பிவிட்டிருக்கிறார், இதற்கெல்லாம் அர்த்தமே இல்லை" என்பது சிலரின் முடிவு. அது சோம்பல். மேலே சொன்ன ஒவ்வொரு விளக்கத்துக்கும் நாடகத்துக்குள்ளேயே ஆதாரம் இருக்கிறது. விடைத்தாள் திருத்துகிற நமக்கு இது தெரிந்த விடயம். கட்டுரை வினாவுக்கு ஒரே சரியான விடை கிடையாது. அதற்காக எழுதியதற்கெல்லாம் முழுப் புள்ளி போடுவதும் இல்லை. பனுவலில் ஆதாரம் காட்டினானா, முக்கியமானதை விட்டுவிட்டானா என்றுதான் பார்க்கிறோம்.

அப்படிப் பார்த்தால் இந்த விளக்கங்கள் அதிகமானவற்றில் ஒரு குறை தெரிகிறது. எல்லாமே கூப்பரைப் பற்றியவை. வென்றாரா, தோற்றாரா, கனவு கண்டாரா, எந்த உலகத்தில் நிற்கிறார் என்றுதான் கேட்கின்றன. அலறியது யார்? அதைக் கேட்பவர்கள் குறைவு.

கொஞ்சம் யோசியுங்கள். கூப்பர் போய் மாற்றியது ஓர் இரவை மட்டும். தகப்பனால் லோராவுக்கு நடந்த கொடுமை அந்த ஓர் இரவில் நடந்ததல்ல. சிறு வயதிலிருந்து பல ஆண்டுகள் நடந்தது. 1992இல் வந்த திரைப்படம் அவளுடைய கடைசி ஏழு நாட்களை வைத்து அதைத்தான் காட்டியது. கொலையை இல்லாமல் செய்யலாம், உடலையும் மறையச் செய்யலாம். 2017 ஒக்டோபரில் ஃப்ரொஸ்ட் எழுதி வெளியிட்ட நூலில் ஊர்ப் பத்திரிகைச் செய்திகூட மாறிவிடுகிறது. லோரா கொல்லப்படவில்லை, காணாமல் போனாள் என்று இருக்கிறது. ஊராருக்கு ஞாபகமும் மங்கிவிடுகிறது. ஆனால் பெயரே மறந்துபோன பெண் அந்த வீட்டின் முன்னால் வந்து நின்றதும் அலறுகிறாள். ஊர் மறந்ததை அவள் உடம்பு மறக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கெரியின் வீட்டுக்குள் கூப்பர் போகும்போது, கதிரையில் சுடப்பட்ட ஒரு பிணம் இருக்கிறது. அதைக் கண்டும் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. "உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்காமல், தன்னுடைய திட்டத்துக்காக அவளைக் கூட்டிக்கொண்டு போகிறார். எங்கே? கொடுமை நடந்த அதே வீட்டுக்கு. கடைசி நேரத்திலும் அவர் ஆண்டைத் தேடுகிறார். அவள் வீட்டைப் பார்க்கிறாள்.

நமது கருத்து இதுதான். கூப்பர் கெட்டவர் அல்ல. காப்பாற்ற வேண்டியவளிடம் ஒரு வார்த்தை கேட்காத நல்லவர். அந்த முடிவு நமக்குப் பயமூட்டுவது பேயினால் அல்ல, நல்ல மனத்தோடு செய்யப்படும் இந்தத் தவறினால்.

முதல் பருவத்தில் லோராவின் நல்லடக்கத்தில் அவள் காதலன் பொபி ஊராரைப் பார்த்துச் சத்தமிடுகிறான். அவள் கஷ்டத்தில் இருந்தது எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, நாம் எல்லாரும்தான் அவளைக் கொன்றோம் என்கிறான். 27 ஆண்டுகள் கழித்து வந்த அலறல் அதன் தொடர்ச்சிதான். லோராவாக நடித்த ஷெரில் லீயை முதலில் எடுத்தது பிணமாகக் கிடப்பதற்கு மட்டும். அவருடைய குரலில்தான் மொத்தக் கதையும் முடிகிறது.

விவாதம் நடக்கட்டும். ஆதாரத்தோடு, ஒருவரையொருவர் மதித்துக் கதைத்தால் அது நல்ல பயிற்சி. ஆனால் புதிரை அவிழ்க்கிற ருசியில் அந்தப் பிள்ளையை மறந்துவிட்டால், நாமும் அந்த ஊர்க்காரர்கள்தான்.

பிள்ளைகளோடு நாள் முழுக்க இருக்கிற நமக்கு, பெற்றோருக்கும்தான், இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்ட ஒரு பிள்ளையிடம் "நடந்ததை மறந்துவிடு, எல்லாம் சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போ" என்று சொல்வது லேசு. அந்த வீட்டு வாசல் அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரிகிறது என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாக இருக்க வேண்டும்.

நாடகத்தைப் பார்த்தவர்கள் உங்கள் விளக்கத்தையும் சொல்லுங்கள். எங்களோடு உடன்படாவிட்டாலும் பரவாயில்லை, லோராவை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.